கப்பலக்காவும் மேஸ்திரி என்ற குதிரையும்

கப்பலக்காவைக் குதிரையிடம் அனுப்பிவைத்தவர் டிப்போ மேனேஜர். அவர் ஒன்றும் ஞானி இல்லை. என்னென்னவோ செய்து பார்த்துக் கைவிரித்த பிறகு, யாரோ ஒரு மனநல ஆலோசகரின் முகவரி எழுதிய சீட்டை அவள் கையில் திணித்து, "இதையும் ஒரு தடவை பாத்துடுங்கக்கா" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

டிப்போவிலேயே நீளமான பஸ் கப்பலக்காவுடையது. இரண்டு பெட்டிகளை நடுவில் மடிப்பு ரப்பரால் கோத்த வண்டி. திருப்பத்தில் முன்பாதி ஒரு தெருவிலும் பின்பாதி இன்னொரு தெருவிலும் நிற்கும். அதைப் பதினாறு வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டினாள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். போகப்போக அவளுடைய நிஜப்பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

பிறகு அந்த மழை நாள் மதியம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் பின்கதவில் இறங்கினார். இறங்கியவரின் தோள்பை வார் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. ஏதாவது சிக்கினால் ஓட்டுநர் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. கண்ணாடி முழுக்க மழைத்தண்ணீர். கப்பலக்கா வண்டியை எடுத்துவிட்டாள். ஜனங்கள் பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டிக் கத்தியதும் பிரேக்கை மிதித்தாள். அதற்குள் டீச்சரம்மா பத்து அடி இழுபட்டிருந்தார். மணிக்கட்டு முறிந்தது, முழங்கால் தோல் உரிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. விசாரணையில் கதவின் கருவிதான் பழுது, ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

தப்பில்லை என்று காகிதத்தில் எழுதினால் போதுமா? மனசு காகிதம் படிக்குமா என்ன? வேலைக்குத் திரும்பிய முதல் நாள் கப்பலக்கா ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியைப் பார்த்தாள், கதவை மூடினாள், மறுபடி பார்த்தாள், மறுபடி திறந்தாள். நாலாவது நிறுத்தத்தில் இறங்கிப் பின்கதவு வரைக்கும் நடந்துபோய்க் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். பயணிகள் காச்சு மூச்சென்று கத்தினார்கள். வண்டி ஐம்பது நிமிடம் தாமதம். மூன்றாவது வாரம் ஒரு நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, பதினோரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே அவளைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த அறையில் குடைகள், ஒற்றைச் செருப்புகள், சாப்பாட்டு டப்பாக்கள், யாருடையதோ ஒரு பல்செட்டு. ஜன்னல் வழியாக அவளுடைய பஸ்ஸை வேறொருவன் எடுத்துக்கொண்டு போவது தெரியும். அவன் கியர் போடும் சத்தம் கேட்டு இவளுக்குப் பல் கூசும். எட்டு வாரம் கழித்து ஓட்டுநர் தேர்வு வைப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார். தேறினால் பஸ். தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை குடைகளோடு குடித்தனம்.

"குதிரையா?" என்று வாயைப் பிளந்தார் வீட்டுக்காரர். அவருக்குக் குழாய் ரிப்பேர் வேலை. எந்நேரமும் கையில் ஒரு ஸ்பேனர் இருக்கும். "மனுஷங்க பேசியே சரியாகல, குதிரை பேசிச் சரியாகுமா?"

"பேசாதாம். அதான் நல்லதுன்னு சீட்டுல போட்டிருக்கு."

"அப்ப ராணி மாதிரி ஏறி உக்காந்துட்டு வரப்போற. ஒரு போட்டோ எடுத்துட்டு வா."

ராணியும் இல்லை, போட்டோவும் இல்லை. முதல் வியாழக்கிழமை குதிரை லாயத்தில் அவளிடம் நாலு பக்கப் படிவத்தை நீட்டினார்கள். ஒவ்வாமை உண்டா, முதுகுவலி உண்டா, மருந்து சாப்பிடுகிறீர்களா, இங்கே எதைச் சரிசெய்துகொள்ள வந்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவள் "கதவு" என்று ஒரே சொல்லை எழுதினாள். செருப்புப் போட்டு வந்ததற்கு ஒரு அதட்டல் கிடைத்தது. குதிரை காலை வைத்தால் விரல் கூழாகிவிடும் என்று சொல்லி, மூடிய ஷூ ஒரு ஜோடி கொடுத்தார்கள். தலைக்கு ஒரு ஹெல்மெட்.

அங்கே இரண்டு பேர். ஒருவர் ஆலோசகர், ஒல்லியான பெண், கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பார், அந்தக் காத்திருப்புதான் கப்பலக்காவுக்கு எரிச்சல். இன்னொருவர் லாயக்காரர். குதிரைகளைப் பார்த்துக்கொள்வது, கூட நிற்பது, ஆபத்து வராமல் காப்பது அவர் வேலை. அவளைவிடப் பத்து வயது இளையவர்; வந்ததுமே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"ஏறுறது எப்ப?" என்று கேட்டாள்.

"ஏறவே போறதில்லக்கா. எல்லாம் தரையிலதான்."

"ஏறாம அப்புறம் எதுக்குக் குதிரை?"

"அதைத்தான் நாம பாக்கப்போறோம்" என்றார் ஆலோசகர். "நான் முதல்லயே சொல்லிடறேன், குதிரை மருந்து கிடையாது. மந்திரமும் கிடையாது. நீங்க என்ன பண்றீங்களோ அதுக்கு அது என்ன பண்ணுதுன்னு பாப்போம். அப்புறம் பேசுவோம். எப்ப வேணா நிறுத்தச் சொல்லலாம்."

வேலிக்குள் மூன்று குதிரைகள் நின்றன. பத்து நிமிடம் சும்மா பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கப்பலக்கா வாசலுக்குப் பக்கத்தில் நின்றதைக் காட்டினாள். மனசுக்குள் ஏதோ பேசியது என்றெல்லாம் கதை விடமாட்டேன். அதுதான் நடக்கத் தூரம் குறைவு. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பட்டை. பின்காலில் ஒன்றைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, மற்ற இரண்டும் புல்லுக்கு அடித்துக்கொள்வதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் அதற்கு மேஸ்திரி என்று பெயராம்.

கையின் புறப்பக்கத்தை நீட்டி மோந்து பார்க்க விட வேண்டும். முகத்துக்கு நேராகப் போகாமல் தோள்பக்கமாக நெருங்க வேண்டும். பின்னால் சுற்றிப் போவதானால் முதுகில் கை வைத்தபடி, ஒட்டி நடந்து, பேசிக்கொண்டே போக வேண்டும்.

"ஏன்?"

"நேர் பின்னாடி அவனுக்குத் தெரியாதுக்கா. மூக்குக்கு நேர் முன்னாடியும் கொஞ்சம் தெரியாது."

கப்பலக்காவின் புருவம் உயர்ந்தது. "என் வண்டிக்கும் அப்படித்தான். பின்னாடி எட்டு அடி ஒண்ணுமே தெரியாது." முதன்முறையாக அந்த மிருகத்தை மரியாதையோடு பார்த்தாள். பிரஷ்ஷைக் கொடுத்து முடி போகும் திசையிலேயே தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி தலையைத் தூக்கிக் காதைப் பின்னால் மடக்கியது. லாயக்காரர் மெதுவாக, "அக்கா, மூச்சு விடுங்க" என்றார். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். விட்டாள். மேஸ்திரியும் தலையைத் தாழ்த்திக்கொண்டது. மணி ஆகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

தகராறு இரண்டாவது வாரம் ஆரம்பித்தது. கயிற்றைப் பிடித்து மேஸ்திரியை வேலியைச் சுற்றி ஒரு வட்டம் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இதென்ன பெரிய வித்தை, பதினெட்டு மீட்டர் வண்டியை வளைத்தவள் நான் என்று கிளம்பினாள். நாலு அடி. திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரி நின்றுவிட்டது. இழுத்தாள், நகரவில்லை. முன்னால் திரும்பி நடந்தாள், வந்தது. நாலு அடி. திரும்பிப் பார்த்தாள். நின்றது.

"என்ன இவன், சண்டித்தனம் பண்றான்!"

"அவன் பண்ணலக்கா. நீங்க திரும்பி அவன் மூஞ்சியப் பாத்தா, நில்லுன்னு சொல்றீங்கன்னு எடுத்துக்குவான். போற திசையப் பாத்து நடந்தா கூடவே வருவான்."

"பின்னாடி பாக்காம எப்படிப்பா கூட்டிட்டுப் போறது? அவன் கால் கயித்துல மாட்டினா? கல்லு தடுக்கினா?"

ஆலோசகர் எதையோ எழுதிக்கொண்டார். அந்த வாரமும் அடுத்த வாரமும் அவளால் ஒரு வட்டம் முடிக்க முடியவில்லை. கழுத்து தானாகத் திரும்பியது. மூன்றாவது வாரம் முடிவில் கயிற்றை லாயக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "என்னால ஆகாது. குடையெல்லாம் என்னைக் கூப்பிடுது" என்று விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். வரும் வழியில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு குதிரையைக்கூடக் கூட்டிக்கொண்டு நடக்க வக்கில்லாதவள் நூற்றைம்பது பேரை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

ஆனால் அவள் டிரைவராயிற்றே. டிரைவர் புத்தி சும்மா இருக்குமா? வீட்டுக்காரரின் கருவிப்பையில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது, நீளமான கம்பி முனையில். குழாய்க்குப் பின்னால் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்காக வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் கப்பலக்காவின் முகம் மலர்ந்தது. திரும்பினால்தானே நிற்பான்? திரும்பாமலே பார்த்தால்?

நாலாவது வியாழக்கிழமை அதைச் சட்டைக் கைக்குள் ஒளித்து எடுத்துப்போனாள். கயிறு ஒரு கையில், கண்ணாடி மறு கையில். நிமிர்ந்து நடந்தாள். மேஸ்திரி பின்னால் ஆடி அசைந்து வந்தது. பத்து அடி, இருபது அடி, முப்பது அடி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதன் நாலு காலையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நடந்தாள். அரை வட்டம் தாண்டியது. மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். லாயக்காரர் "அக்கா! அக்கா!" என்று கூவியது பாராட்டு என்றுதான் நினைத்தாள்.

நீல நிறத் தண்ணீர் டிரம் நேராக அவள் முழங்காலுக்கு வந்து இடித்தது. டிரம் உருண்டது, தண்ணீர் கொட்டியது, கப்பலக்கா அதன்மேல் குப்புற விழுந்தாள், கண்ணாடி தெறித்து எங்கோ போய் விழுந்தது. கயிறு இழுபடவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், மேஸ்திரி மூன்று அடிக்கு முன்பே நின்றுவிட்டு, இவளுக்கு என்ன கேடு வந்தது என்பது போல நின்றுகொண்டிருந்தது.

லாயக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. ஆலோசகர் சிரிக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவளிடம் கேட்டார்: "கண்ணாடியில என்ன பாத்தீங்க?"

"அவன் காலை."

"அவன் எதைப் பாத்தான்?"

"டிரம்மை" என்றாள். பிறகு யாரும் கேட்காமலே கொட்ட ஆரம்பித்துவிட்டாள். "அந்த டீச்சரம்மாவை நான் பாக்கல மேடம். பாத்தேன், ஆனா பாக்கல. தண்ணியா இருந்துச்சு கண்ணாடி. நான் இறங்கித் துடைச்சிருக்கணும். தப்பில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது வேண்டாம். அந்தம்மா கத்தினது என் காதுக்குக் கேக்கல, அதுதான்... இனிமே ஒரு செகண்டு கண்ணை எடுத்தா யாராவது செத்துப்போயிடுவாங்கன்னு இருக்கு." அழுதாள். மூக்கு ஒழுக, வெட்கம் கெட்டு, நன்றாக அழுதாள். இத்தனை மாதத்தில் வீட்டுக்காரர் முன்னால்கூட அப்படி அழுததில்லை.

ஆலோசகர் காத்திருந்தார். இந்த முறை அந்தக் காத்திருப்பில் கப்பலக்காவுக்கு எரிச்சல் வரவில்லை. அப்புறம் சொன்னார்: "பின்னாடி பாக்க வேண்டாம்னு யாரும் சொல்லல. பாக்கணும். ஒரு தடவை ஒழுங்காப் பாத்துட்டு, பாத்ததை நம்பி முன்னாடி திரும்புறது, அதுதான் இப்ப கஷ்டமா இருக்கு. இல்லையா?"

"ஆமா" என்றாள். அந்த ஒரு ஆமாவைச் சொல்ல அவளுக்கு நாலு வாரம் பிடித்திருந்தது.

ஐந்தாவது வாரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சாணி அள்ளினாள், வைக்கோல் உதறினாள், குளம்பில் சிக்கிய கல்லை எப்படி நோண்டி எடுப்பது என்று கற்றுக்கொண்டாள். எல்லா வாரமும் ஏதாவது நடந்தே தீர வேண்டும் என்று சட்டமா? ஆறாவது வாரம், கிளம்பும் முன் மேஸ்திரியைத் தலையிலிருந்து வால் வரை ஒரு தடவை பார்த்தாள். கயிறு சரி, கால் சரி. திரும்பினாள், நடந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவைதான் கழுத்து திரும்பியது. வட்டம் முடிந்தபோது லாயக்காரர் கைதட்ட, மேஸ்திரி அந்தச் சத்தத்துக்கு மிரண்டு அவள் ஷூவை மிதிக்கப் பார்க்க, அவளும் மேஸ்திரியும் சேர்ந்து லாயக்காரரைத்தான் முறைத்தார்கள்.

ஏழாவது வாரம் கயிற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். "இன்னைக்கு சும்மா நடங்க" என்றார் ஆலோசகர். "இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும். வேலியைத் தொட்டுட்டுத் திரும்பிப் பாருங்க. அவன் வந்தா வரட்டும்."

நடந்தாள். முதலில் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. மண் மெத்தென்று இருப்பதால் கேட்கவில்லையோ? நின்றுவிட்டானோ? விழுந்துவிட்டானோ? பிடரியில் சூடு ஏறியது; திரும்பு, திரும்பு என்று உடம்பே அரித்தது. மூச்சை விட்டாள். இன்னொரு அடி வைத்தாள். லாயக்காரர் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அந்த ஆளை உதைத்தால் என்ன என்றிருந்தது. இன்னும் பத்து அடி. ஐந்து அடி. வேலிக்கட்டையைத் தொட்டாள். திரும்பினாள்.

மேஸ்திரி கிளம்பிய கோடியிலேயே இருந்தது. வைக்கோல் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பின்பக்கத்தை இவளுக்குக் காட்டியபடி, வாலை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அட படுபாவி!" என்றாள் கப்பலக்கா. சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இவனுக்கு என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு உயிரைக் கையில பிடிச்சிட்டு வந்தேன் மேடம்! இவன் பாட்டுக்கு திங்கிறான்! நான் பாக்கவும் இல்ல, அவன் வரவும் இல்ல. ஒண்ணுமே ஆகலையே!"

"ஆகல" என்றார் ஆலோசகர். அவரும் சிரித்துவிட்டார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் அந்த வண்டியின் டிரைவர் வந்து தட்டி எழுப்பி, "என்னக்கா, நீங்களே இப்படிப் பண்ணா நாடு தாங்குமா?" என்று கேட்டான். மூன்று மாதத்தில் முதல் முறையாக அடுத்தவன் ஓட்டும் வண்டியில் தூங்கியிருக்கிறாள். அதை வீட்டுக்காரரிடம் ஏதோ பரிசு வாங்கியதைப் போலச் சொன்னாள். எட்டாவது வாரம் மேஸ்திரிக்கு ஒரு கேரட் கொடுத்துவிட்டு விடைபெற்றாள். கடைசிவரை ஏறவே இல்லை.

தேர்வு திங்கட்கிழமை. பஸ் நிறைய ஜனம், வழக்கமான தடம், முன்வரிசையில் அட்டையும் பேனாவுமாகத் தேர்வாளர். தூக்கத்திலும் சிரிக்காத முகம் அவருக்கு. மனசு சரியில்லாத டிரைவர் என்று யாரோ அவரிடம் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. முதல் நிறுத்தத்தில் கப்பலக்காவின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். எல்லாரும் இறங்கிவிட்டார்கள், யாரும் ஒட்டி நிற்கவில்லை. கதவை மூடினாள். மூச்சை விட்டாள். எடுத்தாள். இரண்டாவது நிறுத்தமும் அப்படியே. எட்டாவது நிறுத்தத்தில் உள்ளங்கை காய்ந்துவிட்டது.

பதினேழாவது நிறுத்தத்தில் வண்டி நகர்ந்த நொடி பக்கவாட்டில் படபடவென்று தட்டும் சத்தம். அதே சத்தம். கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று, ஆனால் அலறிக்கொண்டு மிதிக்கவில்லை. நின்றவர்கள் தடுமாறாத அளவுக்கு அழுத்தினாள். கண்ணாடியைப் பார்த்தாள். தாமதமாக ஓடிவந்த ஒரு ஆள், இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, மூச்சு வாங்க நின்றிருந்தான். எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. கதவைத் திறந்தாள். "ரொம்ப தேங்க்ஸ்மா" என்று ஏறினான். ஒரு தடவை பார்த்தாள், மூடினாள், எடுத்தாள். தேர்வாளரின் பேனா அட்டையில் ஏதோ கிறுக்கியது.

போச்சு, என்று நினைத்தாள். கடைசி நிறுத்தம் வரைக்கும் அதே நினைப்புதான். ஜனமெல்லாம் இறங்கியதும் தேர்வாளர் எழுந்து வந்தார்.

"பதினேழாவது நிறுத்தத்துல தப்புப் பண்ணிட்டீங்க."

கப்பலக்கா ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நகர்ந்த வண்டியை நிறுத்தி ஆள் ஏத்தினீங்க. விதிப்படி கூடாது. பாவம் பாத்து எல்லா டிரைவரும் பண்ற தப்புதான். ஒரு மார்க் குறைச்சிருக்கேன்."

"வேற?"

"வேற என்ன? வேற ஒண்ணும் இல்ல. இங்க கையெழுத்துப் போடுங்க, தேறிட்டீங்க."

"எல்லா டிரைவரும் பண்ற தப்பா சார்?"

"ஆமாம்மா."

"எல்லாரும் பண்றதா?"

"எத்தனை தடவை சொல்றது? ஆமா! இனிமே பண்ணாதீங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு அவர் இறங்கிப்போனார். கப்பலக்காவை அதைவிட இனிமையாக யாரும் திட்டியதே இல்லை. போனை எடுத்து அழுதுகொண்டே வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க... ஒரு மார்க் போச்சுங்க."

"அய்யோ. சரி விடு, போனாப் போகட்டும், அழாத. அந்த ரூம்ல உக்காந்தா என்ன, வெயிலா மழையா..."

"அட மனுஷா, முழுசாக் கேளுங்க! எல்லா டிரைவரும் பண்ற தப்பாம்! அதுக்கு ஒரு மார்க்!"

"அதுக்கு எதுக்கு அழற?"

"பாஸுங்க! நான் பாஸு!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. இவளும் போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். திரும்பு தடத்துக்கு ஜனம் ஏற ஆரம்பித்திருந்தது. முன்னால் ஏறிய ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "ஏம்மா, வண்டிய எடுக்கிற உத்தேசம் இருக்கா, இல்லையா?" என்றார்.

"இதோ எடுத்துட்டேன் ஐயா, உக்காருங்க" என்றாள் கப்பலக்கா.